7. மறுகால் பாயும் வேகம்

என் அக்கா மகனின் பைக் சோழவந்தானில் விழுந்தபோது அதன் வேகம் பூஜ்யம்.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு டீ வாங்கி வந்தவன், யமஹா ஆர்15-ஐ வாய்க்கால் ஓரத்தில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு உள்ளே போனான். முதல் நாள் பாய்ச்சிய தண்ணீரில் மண் இளகிக் கிடந்தது. ஸ்டாண்டின் கால் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று இறங்கிக்கொண்டே போனது யார் கண்ணிலும் படவில்லை. நாலாவது தம்ளரில் டீ ஊற்றும்போது 'தொம்'மென்று சத்தம். சிமென்ட் வாய்க்காலின் விளிம்பில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கிளட்ச் லீவர் முறிந்திருந்தது, இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது, பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியான ஃபேரிங்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"வண்டி ஓடவே இல்லையே மாமா, அதுக்கே இப்படியா?" என்றான்.

மெக்கானிக் அண்ணன் கையில் தீர்வு தயாராக இருந்தது. "பெருசா ஒரு கம்பி கார்டு போட்டுருவோம் தம்பி. லாரியே இடிச்சாலும் ஒன்னும் ஆகாது." இவனுக்கோ கம்பி கார்டு பிடிக்கவில்லை, வண்டியின் அழகே போய்விடும் என்றான். வண்டி விழுந்தால் முதலில் தரையைத் தொடும்படி இரு பக்கமும் மாட்டும் குமிழ்களான ஸ்லைடர்களின் விதவிதமான படங்களைப் போனில் காட்டினான். கட்டைவிரல் அளவில் சில, உலக்கைப் பூண் போலச் சில, கறுப்பு, வெள்ளை, சிவப்பு. "இதுல எது மாமா ஸ்ட்ராங்?"

கேள்வியே தவறு என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரு தண்ணீர் கேன், ஒரு தென்னை மரம்

கீழே விழும் பைக்குக்கு ஒரே சமயத்தில் இரண்டு விபத்துகள் நடக்கின்றன. ஒன்று, அது நின்ற நிலையிலிருந்து தரைக்குச் சாய்கிறது. மற்றொன்று, ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசையிலேயே சறுக்கிப் போகிறது. செங்குத்தாக விழுவதும் கிடையாகப் போவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று கலீலியோ காட்டிக்கொடுத்து நாலு நூற்றாண்டு ஆகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் சரி, கொடிக்கால் ஓரம் நின்றாலும் சரி, சாய்ந்து விழும் உயரம் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்15-இன் எடை சுமார் 142 கிலோ. சாயும்போது அதன் எடைமையம் ஏறத்தாழ கால் மீட்டர் இறங்குகிறது. வெளிப்படும் ஆற்றல் சுமார் 350 ஜூல். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஓர் ஆள் உயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவோ, அவ்வளவு.

இப்போது அதே வண்டி, வாடிப்பட்டி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 19,700 ஜூல். வண்டியை 14 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கீழே போடுவதற்குச் சமம். சோழவந்தானில் அதற்கு அளவுகோல் தேட வேண்டியதில்லை. நன்றாக வளர்ந்த தென்னையின் உச்சி அது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நாலு மடங்கு. 120-இல் போனால் நாலு தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டு மேலே ஏற வேண்டும்.

ஆக, ஸ்லைடரிடம் நாம் எதிர்பார்க்கும் வேலையும் இரண்டு. தண்ணீர் கேனைத் தாங்க வேண்டும். தென்னை உயரத்தை எப்படியாவது கரைக்க வேண்டும். முதல் வேலைக்கு நசுங்கத் தெரிய வேண்டும்; இரண்டாவதற்கு வழுக்கத் தெரிய வேண்டும். இரண்டிலுமே 'உடையாமல் நிற்பது' என்ற குணத்துக்கு இடமில்லை.

உயரத்தை நசுங்கலால் வகுத்தால்

விழும் பொருள் எவ்வளவு பலமாக அடிபடும்? இதற்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு உண்டு: விழுந்த உயரத்தை, நிற்பதற்குள் நசுங்கிய தூரத்தால் வகுத்துவிடுங்கள். கிடைக்கும் எண், அதன் எடையைப் போல எத்தனை மடங்கு விசை என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடும்.

பைக்கின் எடைமையம் 25 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் 25 மடங்கு. 142 கிலோ வண்டி, மூன்றரை டன் எடைபோல வந்து அழுத்துகிறது. இதில் ஒரு பங்கை டயர்கள் வாங்கிக்கொள்ளும். ஃபுட்ரெஸ்ட்டும் ஹேண்டில்பாரின் முனையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அப்படியும் மீதியைத் தாங்குவது அரை விரற்கடை கனம்கூட இல்லாத பிளாஸ்டிக் என்றால் விரிசல் விடாமல் என்ன செய்யும்? அதே வீழ்ச்சி மூன்று சென்டிமீட்டர் நசுங்கலில் அடங்கினால் எட்டு மடங்குதான். மூன்றரை டன் ஒரு டன் சொச்சமாகக் குறைந்துவிடுகிறது.

கொஞ்சமும் நசுங்காத இரும்புத் துண்டை மாட்டினால் நசுங்க வேண்டிய தூரம் மறைந்துவிடாது. அதற்கு அடுத்து இருக்கும் பாகம் நசுங்கும். அடுத்து இருப்பது சேஸிஸ்.

கண்மாய்க்கு ஒரு கலிங்கு

இது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத தத்துவம் இல்லை. பெரியாறு பாசனக் கால்வாய் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே வைகைச் சமவெளியின் கண்மாய்களுக்குக் கலிங்கு கட்டினார்கள். கரையை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு மழை அதை மீறத்தான் செய்யும். மீறும் தண்ணீர் கரையில் தனக்கு வசதியான இடத்தில் உடைத்துக்கொண்டு போனால் ஊர் போய்விடும். ஆகவே கரையின் ஓரிடத்தை வேண்டுமென்றே தாழ்த்தி, கல் பரப்பி, 'போவதானால் இப்படிப் போ' என்று விட்டுவைத்தார்கள். அது வழியாகத் தண்ணீர் போனால் மறுகால் பாய்கிறது என்பார்கள். ஊருக்கு அது நல்ல சேதி.

மிதமிஞ்சிய ஆற்றலும் மிதமிஞ்சிய தண்ணீரைப் போலத்தான். வெளியேறியே தீரும். எந்த வழியாக என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம்.

கம்பி கார்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். வளைத்த இரும்புக் குழாய், இரண்டு இடத்தில் சேஸிஸோடு முடுக்கியிருக்கும். நின்ற நிலையில் விழும் வண்டிக்கு அது நல்ல துணைதான். அகலமாக இருப்பதால் வண்டி முழுசாகச் சாயவும் விடாது. வேகத்தில் விழும்போதுதான் சிக்கல். குழாயின் வளைவு ரோட்டுப் பள்ளத்தின் விளிம்பிலோ, தார் முடிந்து மண் தொடங்கும் படியிலோ கொக்கிபோல மாட்டும். தென்னை உயரத்து ஆற்றல் சில சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டிய நிலை வரும். அடங்காது, வண்டி குட்டிக்கரணம் போடும். சறுக்கி முடிந்திருக்க வேண்டிய விபத்து புரண்டு முடியும். நீண்டிருக்கும் குழாய் நெம்புகோல்போல் வேலை செய்து, முடுக்கிய இடத்தைக் கிழித்துக்கொண்டும் போகலாம்.

கம்பி கார்டு காலையாவது காப்பாற்றுமா? அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை தந்தது. கம்பி கார்டு பற்றி அதன் முடிவு பலரை வியக்க வைத்தது: கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகிறது, ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் காயங்கள் கூடி அந்த லாபத்தை ஈடுகட்டிவிடுகின்றன. லாரி இடித்தாலும் ஒன்றும் ஆகாது என்ற வாக்குறுதிக்கு இயற்பியலிலும் ஆதாரமில்லை, ஆஸ்பத்திரியிலும் ஆதாரமில்லை.

தேய்வதற்கென்றே ஒரு பொருள்

ஸ்லைடரின் தலை பெரும்பாலும் மூன்று பிளாஸ்டிக்குகளில் ஒன்று. முதலாவது நைலான். ஊரில் எந்த லேத் பட்டறையிலும் வெள்ளை நைலான் ராடு கிடக்கும். மில் மெஷின்களுக்குப் புஷ் கடைவது அதில்தான். உழைக்கும், எளிதில் பிளக்காது. ஆனால் ஈரம் குடிக்கும்; சில ரகங்கள் தண்ணீரில் ஊறினால் எடையில் சுமார் 9 சதவீதம் வரை உறிஞ்சி, கொஞ்சம் உப்பவும் மெத்தென்று ஆகவும் செய்யும். இரண்டாவது அசெட்டால். டூபாண்ட் நிறுவனம் 1960 வாக்கில் டெல்ரின் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. விறைப்பானது, வழவழப்பானது, ஈரத்துக்கு அசையாது; உருகுநிலை 175 டிகிரி அளவில். மூன்றாவது அடர்பாலிஎத்திலீன், அதாவது சமையலறையில் காய் நறுக்கும் பலகையின் பிளாஸ்டிக். மூன்றில் மிகவும் மென்மையானது. 130 டிகிரியிலேயே இளகிவிடும்.

இளகுவது குறையா? இங்கேதான் வேடிக்கை. ரோட்டில் உராயும்போது பிறக்கும் வெப்பம் பிளாஸ்டிக்குக்குள் இறங்காது, ஏனென்றால் அது வெப்பத்தை மோசமாகக் கடத்தும் பொருள். மேல்தோல் மட்டும் சூடேறி, மென்மையாகி, ரோட்டில் இழைந்து போய்விடும். போகும்போது வெப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போகும். அடியில் இருப்பது குளிர்ச்சியாகவே இருக்கும். இரும்போ தீப்பொறி பறக்கவிடும். கவிழ்ந்த வண்டியின் டேங்கிலிருந்து பெட்ரோல் சொட்டும் நேரத்தில் நாம் விரும்பும் காட்சி அல்ல அது.

இனி, ஒரு பொருள் எவ்வளவு தேயும்? ஆர்ச்சர்டு என்ற பிரிட்டிஷ் பொறியியலாளர் 1953-இல் எளிய விதி ஒன்றைச் சொன்னார். தேயும் அளவு, மேலே உள்ள சுமையையும் உராயும் தூரத்தையும் பொறுத்துக் கூடும். பொருளின் கடினத்தைப் பொறுத்துக் குறையும். தூரம் எவ்வளவு என்று பார்ப்போம். சறுக்கும் பைக்குக்கு உராய்வுக் குணகத்தை 0.4 என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்த வண்டி நிற்க சுமார் 35 மீட்டர் ஆகும். ஒன்றே முக்கால் கிரிக்கெட் பிட்ச். அவ்வளவு தூரத்துக்குத் தேயக் கொஞ்சம் சதை இருந்தால் போதும். அதைவிட நீளமாக இருப்பதால் ஆதாயம் இல்லை, நஷ்டம் உண்டு. அது போல்ட்டின் கதை.

போல்ட்டு வளையட்டும்

ஸ்லைடரைப் பிடித்திருப்பது ஒற்றை போல்ட்டு. அதுவும் பெரும்பாலும் எஞ்சினைச் சேஸிஸோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டின் இடத்தில் போடும் நீளமான மாற்று போல்ட்டு. சுவரில் அடித்த ஆணியில் சட்டை மாட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணி வெளியே நீண்டிருக்க நீண்டிருக்க, நுனியில் தொங்கும் சட்டை ஆணியை வளைக்கும். ஸ்லைடரின் நீளம் இரட்டித்தால் அடிப்பக்கத்தில் வளைக்கும் திறனும் இரட்டிக்கும். போல்ட்டின் கனம் கூடினாலோ அதன் தாங்குதிறன் கன அளவில், அதாவது மும்மடி வீதத்தில் ஏறும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பதில் 10 போட்டால் பலம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அதனால் கனமான, கெட்டியான போல்ட்டே நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது அறுந்துபோகும் தகைவு, மெகாபாஸ்கலில். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அதில் எத்தனை பத்தில் ஒரு பங்கில் அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பது. 12.9 வளைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அடம்பிடித்தால் அடி நேரே போல்ட்டை ஏந்தும் சேஸிஸின் காதுக்குப் போகும். போல்ட்டு வளைந்தால் புதிது வாங்கலாம். சேஸிஸ் வளைந்தால் வண்டியே சந்தேகத்துக்குரியது. தலை முதலில் தேய, அடுத்துப் போல்ட்டு வளைய, அதற்கும் பிறகே சேஸிஸுக்கு முறை வர வேண்டும். எஞ்சினைச் சுமப்பதும் அந்தப் போல்ட்டே என்பதால் கம்பெனி போட்ட ரகத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது. மாற்றும்போது எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் போக வேண்டும். முடுக்குவதும் கைக்கணக்கில் அல்ல. கம்பெனி சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்சு வைத்து.

ஃபேரிங் உள்ள வண்டியில் இன்னொரு சங்கடம். எஞ்சின் போல்ட்டு ஃபேரிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒன்று, ஃபேரிங்கில் வட்டமாக ஓட்டை போட வேண்டும். அல்லது ஓட்டைக்குப் பயந்து, உள்ளே ஒரு பட்டையை மாட்டி, அதன் மறுமுனையில் ஸ்லைடரை வெளியே எடுக்க வேண்டும். பையன்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள். புது வண்டியில் துரப்பணம் வைக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் பட்டை வந்ததும், நேராக அழுத்த வேண்டிய விசை விலகி நின்று முறுக்கத் தொடங்குகிறது. ஈரத்துணி பிழிவதுபோலப் போல்ட்டையும் காதையும் சேர்த்துப் பிழியும். பட்டை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஓட்டை போட்டுவிட்டால் அதைவிட நல்லது.

சோழவரமும் சோழவந்தானும்

ஃபேரிங் என்ற இந்தப் போர்வை பந்தயத்திலிருந்து வந்தது. 1950-களில் மோட்டோ குஸ்ஸி, என்எஸ்யூ போன்ற ஐரோப்பியக் கம்பெனிகள் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய ஃபேரிங்குகளோடு ஓடின. குறுக்குக் காற்றில் அவை வண்டியையே திருப்பிவிட்டதால் 1957 பருவத்தோடு தடை வந்தது. சக்கரத்தை வெளியே விட்ட சிறிய ஃபேரிங் நிலைத்தது. தமிழ்நாட்டில் பந்தயம் வளர்ந்தது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில். 1990-இல் அது இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு இடம்பெயர்ந்தது. 2008-இல் வந்த யமஹா ஆர்15 அந்தப் பந்தயச் சட்டையை நடுத்தரக் குடும்பத்து வாசலுக்குக் கொண்டுவந்தது. 1911-இல் மதுரையில் பஸ் விட்டுத் தொடங்கிய டிவிஎஸ் குடும்பத்தின் கம்பெனி, 2017 டிசம்பரில் ஓசூரிலிருந்து அதே சட்டையைப் போர்த்திய அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ இறக்கியது.

ஸ்லைடரும் பந்தயத் தடத்தின் பிள்ளைதான். அங்கே விழுந்த வண்டி சறுக்கிப் போக அகலமான வெளி இருக்கும். எஞ்சின் மூடி ஓட்டையாகி ஆயில் தடத்தில் கொட்டாமல் இருந்தால் போதும். பின்னால் வருபவர் தப்பிப்பார். எவ்வளவு தூரம் வழுக்கினாலும் கவலையில்லை.

சோழவரத்துக்குச் சரியானது சோழவந்தானுக்குச் சரியாகுமா? தேனூர், திருவேடகம் வழியாக வரும் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் புளியமரம், மறு பக்கம் வயல். அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். டயருக்கு அடியில் ஒவ்வொரு மணியும் ஒரு உருளை. அதன்மேல் வண்டியைச் சாய்த்துத் திரும்பினால் கீழே கிடப்பீர்கள். சறுக்கும் வண்டி தார் முடிந்து மண்ணில் இறங்கியதும், நீட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த ஸ்லைடர் கலப்பைக் கொழுவாகிவிடும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள தலையைவிட 50 மில்லிமீட்டர் தலையின் பரப்பு இரண்டே முக்கால் மடங்கு. மண்ணில் அழுத்தம் அந்த அளவுக்குக் குறையும். ஆக நம் ரோட்டுக்கு வேண்டியது குட்டையான, தடித்த, முனை உருண்ட ஸ்லைடர்.

எவ்வளவு குட்டை? அதைக் கண்டுபிடிக்க ஒரு மூங்கில் குச்சி போதும். வண்டியை நிமிர்த்திப் பிடிக்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரின் நுனியிலிருந்து ஃபுட்ரெஸ்ட் நுனிவரை குச்சியைச் சாய்த்து வையுங்கள். விழுந்த வண்டிக்கு அந்தக் கோடுதான் தரை. ஃபேரிங் அந்தக் கோட்டை எங்கே தாண்டி வெளியே வருகிறதோ, அங்கேதான் முதல் விரிசல். ஹேண்டிலை முழுதாகத் திருப்பிவிட்டும் ஒருமுறை பாருங்கள்; நின்றபடி விழும் வண்டியின் ஹேண்டில் நேராக இருப்பதில்லை. ஃபேரிங்கைத் தாண்டி இரண்டு மூன்று விரற்கடை ஸ்லைடர் நீண்டால் போதும். அதற்கு மேல் நீளுவது ஆணியில் தொங்கும் சட்டை.

தலைக்கும் ஒரு கலிங்கு

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவ்வளவு நேரம் பேசியது வண்டியைக் காப்பது பற்றி. ஸ்லைடர் மேலே இருக்கும் ஆளைக் காக்காது. ஆனால் ஆளைக் காக்கும் சாமானும் இதே சூத்திரத்தில்தான் வேலை செய்கிறது.

ஹெல்மெட்டைப் பிரித்துப் பார்த்தால் ஓட்டுக்கு உள்ளே தெர்மாகோல் இருக்கும். தலை ஒன்றரை மீட்டரிலிருந்து விழுகிறது. தெர்மாகோல் 25 மில்லிமீட்டர் நசுங்குகிறது. பழைய வகுத்தல்: 1,500-ஐ 25-ஆல் வகுத்தால் 60 மடங்கு. ஹெல்மெட் இல்லாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் தலை நின்றால் 500, 750 மடங்கு. ஓடு கெட்டியாக இருப்பது அடியைப் பரப்பவும், ரோட்டில் மாட்டாமல் வழுக்கவும். காப்பாற்றுவது நசுங்கும் தெர்மாகோல். ஒருமுறை நசுங்கினால் அது திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூட இல்லாத ஹெல்மெட்டும் பலத்த அடி வாங்கியிருந்தால் குப்பைக்குத்தான். தேய்ந்த ஸ்லைடருக்கும் வளைந்த போல்ட்டுக்கும் அதே விதி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன், "அப்ப உடையுறதுக்காகவா காசு கொடுத்து வாங்கணும்?" என்றான். "ஆமாடா மாப்ள, நீ சொன்ன இடத்துல உடையுறதுக்காக" என்றேன்.

ஓட்டை போடும் ரகத்தில், தடித்த டெல்ரின் தலையோடு ஒரு ஜோடி வாங்கினான். மெக்கானிக் அண்ணன் முனகிக்கொண்டே மாட்டினார். மறுவாரம் கொடிக்காலுக்குப் போனபோது வண்டி அதே வாய்க்கால் ஓரத்தில் நின்றது. மண் அன்றும் ஈரம். சைடு ஸ்டாண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டுத் துண்டு கிடந்தது. எடையைப் பரப்பினால் அழுத்தம் குறையும். காசில்லாத ஸ்லைடர் அது. அவனே வைத்திருந்தான்.